துள்ளிக்குக் கண் திறந்த வருசம்

சனிக்கிழமை காலையில் ரீவியில் காட்டூன் போய்க்கொண்டிருக்கும்போதே கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விடப்பட்ட ஆட்களே, இது உங்களுக்குத்தான். இப்போது உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் நோ, மற்றப் பாதிப் பேருக்குப் பிறசர். ஆனாலும் துள்ளி என்றால் எல்லாருக்கும் முகம் மலரும். முதுகில் மூன்று வரி, நெற்றியில் விழுந்த ஒரு சுருள் மயிர், வாலடியில் முடிச்சுப் போட்ட பாவாடை. எங்கள் பாடத்தாள்களின் மூலையில் நின்று "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்த அணில். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ரீவியில் ஆயிரம் மிருகங்கள் இருந்தன. எங்களுக்கு இருந்தது இவள் ஒருத்திதான்.

போன மாதம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் துள்ளியின் படமொன்றைப் போட்டு, இதை ஆர் கீறினது என்று கேட்டிருந்தார். மெட்ராஸ் பத்திரிகை ஏதாவதில் பார்த்துக் கொப்பி அடித்திருப்பார்கள் என்று ஒரு பதில். பள்ளிக்கூட மாஸ்ரருடைய மருமகன் என்று இன்னொன்று. நான் இரண்டு வரியில் பதில் எழுதலாமென்று தொடங்கினேன். அழித்தேன். திரும்பத் தொடங்கினேன். அது இந்த நீளத்துக்கு வந்து நிற்கிறது.

துள்ளியைக் கீறியது என் அக்கா. துள்ளி என் தங்கச்சி.

நாங்கள் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அப்பா முந்தியே வந்து ஒரு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். எங்களை எடுப்பதற்கு அவர் பிடித்த ஏஜென்சிக்காரன், இப்போதைக்குத் தாயையும் இரண்டு பிள்ளைகளையும்தான் அனுப்பலாம், மற்றது ஆறு மாதத்தில் பின்னால் வரும் என்று சொல்லிவிட்டான். மற்றது என்று அவன் சொன்னது ஒரு பிள்ளையை.

யாழ்ப்பாணத்தில், சின்னம்மா வீட்டில், பெரியவர்கள் இருந்து கதைத்தார்கள். சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை, பிள்ளைகள் இல்லாதவர். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, ஆமி திரிகிற ஊரில் விட்டுவிட்டுப் போக ஏலாது. எனக்கு ஒன்பது, எனக்கு இழுப்பு வருத்தம். தங்கச்சிக்கு ஐந்து. "சின்னது, கெதியா மறந்திடும்" என்று ஒரு குரல் சொன்னது. ஆருடைய குரல் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் எல்லாருடைய தலையும் ஆடியதைக் கதவடியில் நின்ற நான் பார்த்தேன்.

பார்த்தால் அழுவாள் என்று, அவளுடைய பகல் நித்திரைக்குள் வெளிக்கிட்டோம். பாவம், தானும் வாறதென்று விடியவே சட்டை போட்டு, புதுச் சப்பாத்தும் வெள்ளை மேசும் மாட்டி, அப்படியே பாயில் சரிந்துவிட்டாள். ஒரு காலில் மேசு முழங்கால் வரைக்கும் இருந்தது. மற்றக் காலில் கணுக்காலடியில் சுருண்டு கிடந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தபடியால் முகம் தெரியவில்லை. எனக்கு அந்தச் சுருண்ட மேசுதான் கடைசி.

ஆறு மாதத்துக்குள் அவள் வந்துவிட வேண்டும், எங்களை மறக்க முந்தி வந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு இருந்த யோசனை இது ஒன்றுதான்.

வீடு என்றால், அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இரண்டு அறை. படியெல்லாம் சாம்பிராணியும் ஈரக் கம்பளமும் சேர்ந்த மணம். ஒரு பக்டரியில் இருந்து பாவாடைத் துண்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அம்மா அவற்றுக்கு சிப் வைத்துத் தைத்துக் கொடுப்பார். மெசின் ஓடும்போது அந்த அறையில் ஒருவரும் கதைக்க ஏலாது. அம்மா அதை எந்நேரமும் ஓட்டினார்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியும்: தேவாலய மண்டபம், குளிர்ந்த கதிரைகள், வாசலில் தேத்தண்ணியோடு காவல் நிற்கும் தாய்மார். நடத்தியவர் மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே ஒரு கடையில் கல்லாவில் நின்றவர். அவரிடம் துணிச்சல் இருந்தது, புத்தகம் இருக்கவில்லை. ஊரிலிருந்து வரவேண்டிய பாடப் புத்தகங்கள் வராதபடியால் கிழமைக்குக் கிழமை தானே ஒரு தாளை அடித்து விநியோகித்தார். அ-வுக்கு அணில் வேண்டியிருந்தது. "ஆருக்குப் படம் கீற ஏலும்?" என்று கேட்டார். அக்கா கை உயர்த்தினாள்.

அந்த முதல் அணில் பார்க்கில் கச்சான் கடலை பொறுக்க வருகிற லண்டன் அணில். மாஸ்ரர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, இது எலி."

"இல்லை மாஸ்ரர், அணில். பார்க்கில நிக்குது."

"பார்க்கில நிக்கிறது வெள்ளைக்காரற்ற அணில். எங்கட அணிலுக்கு முதுகில வரி இருக்கு."

பக்கத்தில் மன்னார் ரீச்சர் இருந்தார், பாலர் வகுப்புக்குப் பொறுப்பு. வரி போட்டால் பிள்ளைகள் அது எப்படி வந்ததென்று கேட்பார்கள், நீங்கள் இராமர் தடவின கதை சொல்லுவீங்கள், என்னுடைய கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லுறது என்று அவர் கேட்டார். வரி போடுவது, கதை சொல்வதில்லை என்று முடிவாயிற்று. உங்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் துள்ளி அப்படித்தான் உருவானாள்: ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கூட்டம். சட்டையா பாவாடையா என்று ஒரு கூட்டம். வால் நிமிர்ந்தால் பாவாடையும் எழும்புமே என்று செயலாளர் கவலைப்பட்டு ஒரு கூட்டம். அதற்குத்தான் அந்த வாலடி முடிச்சு. பொட்டு வைக்கச் சொல்லி ஒரு பக்கம், வைக்கவே கூடாதென்று மறு பக்கம். அக்கா நெற்றியில் ஒரு சுருள் மயிரை இழுத்துவிட்டாள். பொட்டு வேண்டியவர்கள் அதற்குக் கீழே பொட்டு இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் கடைசிவரை அறியாத கூட்டம் ஒன்றுதான். அது எங்கள் குசினி மேசையில் நடந்தது, நானும் அக்காவும் மட்டும். ஒரு நாள் அக்கா துள்ளியின் ஒரு காலில் மேசு கணுக்காலடியில் சுருண்டு கிடக்கக் கீறினாள். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு பாண் துண்டின் காய்ந்த கரையை முதலில் தின்கிறது, எதற்கும் "ஏன்?" என்கிறது, இரண்டு படியை ஒன்றாகத் துள்ளி இறங்குகிறது என்று தங்கச்சியிடம் இருந்த ஒவ்வொன்றாகத் துள்ளிக்குள் போயிற்று. பெயரும் அந்தப் படித் துள்ளலால் வந்ததுதான்.

ஆனால் கண் மட்டும் மூடியிருந்தது. அதற்குக் காரணம் பாடத்தாள் அடிக்கிற றோணியோ மெசின். மெழுகு பூசிய நீலத் தாளில் இரும்பு முனைப் பேனையால் கீற வேண்டும். கீறின இடத்தால் மை இறங்கும். மெல்லிய கோடு என்றால் சரி. கறுப்பாக நிரப்பப் போனால் தாள் ஓட்டையாகிவிடும். அக்கா முதலில் இரண்டு கருவிழி வைத்தாள். கைபிடியைச் சுற்றச் சுற்ற மை ஒழுகி, துள்ளிக்கு இரண்டு கண்ணிலும் அடிபட்ட மாதிரி வந்தது. நெயில் பொலிஷ் மணக்கிற சிவப்புத் திரவத்தால் ஓட்டையை அடைத்துவிட்டு, கண் இருந்த இடத்தில் இரண்டு வளைந்த கோடு போட்டாள். சிரித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற முகம். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

ஒவ்வொரு தாளிலும் ஒன்று ஊருக்குப் போனது, ஆராவது போகிறவர்களின் கையில். அதில் துள்ளி சிவப்பு பஸ்ஸில் ஏறுவாள், மழையில் குடை பிடிப்பாள், தாயின் கையைப் பிடித்துச் சந்தைக்குப் போவாள். தங்கச்சி வரும்போது லண்டன் அவளுக்குப் புதிதாக இருக்கக்கூடாது என்பது அக்காவின் எண்ணம். இது நீதான் என்று அவளுக்குச் சொல்லச் சொல்லிச் சின்னம்மாவுக்கும் எழுதியிருந்தாள்.

ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. ஏஜென்சிக்காரனைக் காணவில்லை. இந்தியன் ஆமி வந்தது, பாதை பூட்டியது. ஆமி போனது, பாதை திரும்பவும் பூட்டியது. அப்பாவின் விசாப் பேப்பர் சரிவராமல் இழுபட்டது. அம்மா தங்கச்சியின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமைகளில் மெசினை நிற்பாட்டிவிட்டு அக்காவின் பின்னால் வந்து நிற்பார்.

"இந்தக் கிழமை என்ன செய்யிறா?"

துள்ளியைத்தான் கேட்கிறார். பல்லு விழுந்திட்டுது என்று அக்கா சொன்னால், கூரைக்கு மேல எறியச் சொல்லு என்பார். ஒரு முறை அக்கா துள்ளியைக் கொஞ்சம் வளர்த்தியாகக் கீறினாள். பாவாடை நீண்டது, பின்னல் தோளுக்குக் கீழே வந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வேண்டாம், அவ சின்னவாவே இருக்கட்டும்," என்றார். அக்கா அழித்தாள். அது பாசம் என்று அன்று நான் நினைத்தேன். இப்போது எனக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அறையில் நாங்கள் ஒரு பிள்ளையைக் காத்துக்கொண்டு இருக்கவில்லை, ஒரு வயதைக் காத்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது படுகிறது.

பிறகு போட்டோக்கொப்பி மெசின் வந்தது. வியாபாரம் முடிந்து பூட்டுகிற ஒரு கம்பனிக் கந்தோரில் இருந்து மாஸ்ரர் அதை ஒரு வாடகை வானில் ஏற்றிக்கொண்டு வந்து மண்டபத்தில் இறக்கினார். இனி எவ்வளவு கறுப்பும் நிரப்பலாம். "பிள்ளை, துள்ளிக்குக் கண்ணைத் திற," என்றார். பெற்றோர்களும் ஆவலாக இருந்தார்கள். அக்கா சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்து மேசையில் இருந்தாள்.

இருந்தாள், இருந்தபடியே இருந்தாள். பென்சில் தாளில் படவில்லை. கடைசியில் என்னைக் கேட்டாள்: "அவளுக்குக் கண் எப்பிடி இருக்கும்?"

எனக்கு அந்தச் சுருண்ட மேசுதான் நினைவுக்கு வந்தது. பெரிய கண் என்றேன், சும்மா. அம்மா, என்ர கண்தான் என்றார். ஷிப்டால் வந்த அப்பா, இல்லை, தன்னுடைய தாயின் கண் என்றார். இருந்த ஒரேயொரு படத்தில் தங்கச்சி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கோடுதான் தெரிந்தது. மாறிமாறி எல்லாரும் அதை வாங்கிப் பார்த்தோம். பிறகு ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கையில் தாள். கண்ணாடியைப் பார்த்துத் தன் கண்ணைக் கீறியிருந்தாள்.

நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. துள்ளி எவ்வளவு வடிவு என்று மன்னார் ரீச்சர்கூடச் சொன்னார். அக்கா மண்டபத்தின் பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள்.

தங்கச்சி வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. அப்பாவின் பேப்பர் ஒருவழியாகச் சரிவந்து, சின்னம்மா அவளைக் கிளாலிக் கடலால் வள்ளத்தில் கடந்து கொழும்புக்குக் கூட்டி வந்து, தெரிந்த ஒரு குடும்பத்தோடு பிளேன் ஏற்றிவிட்டு, தான் தனியே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஹீத்ரோவில் கதவு திறந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் நின்று அம்மாவின் கண் போகிற இடத்தைப் பார்த்தேன். அது ஆட்களின் இடுப்பளவில் தேடிக்கொண்டிருந்தது. இரட்டைப் பின்னலோடு உயரமான ஒரு பெட்டை எங்களுக்கு நேரே வந்து, பெட்டியைக் கீழே வைத்து நின்றாள். அம்மா அவளுக்குப் பின்னால் பார்த்தார். அக்காதான் முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். தங்கச்சி அசையாமல் நின்றாள். பிறகு, "சுகமா இருக்கிறீங்களோ?" என்று எங்கள் எல்லாரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள்.

அம்மா ஒரு மஞ்சள் சட்டை தைத்து வைத்திருந்தார். ரெடியாக எத்தனையோ மாதம் தொங்கியது. அது அவளுடைய தோளாலேயே இறங்காது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. "வடிவா இருக்கு, தாங்ஸ்," என்று சொல்லி, மடித்து, கட்டில் காலடியில் வைத்தாள். எங்களைவிட நல்ல தமிழ் கதைத்தாள். தண்ணி குடிக்கவும் கேட்டுத்தான் குடித்தாள். என்னையும் அக்காவையும் பெயர் சொல்லாமல் அக்கா என்றாள், அப்பாவை அப்பா என்றாள். அம்மாவை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. தேவையென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், அம்மா திரும்பும்வரை. சின்னம்மாவைப் பற்றியும் எங்களோடு கதைக்கமாட்டாள். கேட்டால், அங்க எல்லாரும் சுகம் என்பாள்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்ரர் அவளை மேடையில் ஏற்றினார். நல்ல எண்ணத்தோடுதான். பிள்ளைகளே, இவதான் எங்கட துள்ளி என்று அறிவித்தார். முன்வரிசைச் சின்னதுகள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் இங்கிலிஷில், இல்லை, இவ சரியான பெரிசு என்றான். மண்டபம் சிரித்தது. உங்களில் சிலரும் சிரித்திருப்பீர்கள், பிழையில்லை, சின்ன ஆட்கள்தானே நாங்கள். தங்கச்சியும் மரியாதைக்குச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. அத்தனை வருடத் தாள்களையும் கட்டிலில் பரப்பினாள். பார், மேசு, பாண் கரை, படி, எல்லாம் நீதான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். தங்கச்சி ஒரு தாளை எடுத்தாள், துள்ளி தாயின் கையைப் பிடித்துச் சந்தைக்குப் போகிற படம்.

"இது அங்கயும் வந்தது," என்றாள். "சின்னனில நான் நினைச்சனான், லண்டனில உங்களுக்கு வேற பிள்ளை பிறந்திட்டுது எண்டு."

அக்காவுக்கு விளங்கவில்லை. "இல்லையடி, இது நீ எண்டு சொல்லச் சொல்லி எழுதினனான்."

"ஓம், சொன்னவைதான். ஆனா அவ பஸ்ஸில போறா. தாயோட போறா. நான் போகேல்லையே." கொஞ்சம் யோசித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "அதுதான் நீங்கள் என்னைக் கூப்பிடேல்லை எண்டு நினைச்சனான். உங்களுக்குத்தான் ஒண்டு இருக்குதே."

அக்கா தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வாசலில் அம்மா நின்றார், எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. கொஞ்சத்தில் அடுத்த அறையில் மெசின் ஓடத் தொடங்கியது.

அக்கா மாஸ்ரரிடம் போய், இனித் துள்ளியைப் பன்னிரண்டு வயதுப் பெட்டையாகக் கீறப்போகிறேன் என்று சொன்னாள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், கோபப்படட்டும், கேள்வி கேட்கட்டும். கமிட்டி கூடியது. துள்ளி இப்ப எல்லாருக்கும் பொது, சின்னப் பிள்ளையளுக்கு அவளைச் சின்னவளாத்தான் தெரியும், மாத்த ஏலாது என்று மாஸ்ரர் தன்மையாகச் சொன்னார். அக்கா பேனைகளை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு நீங்கள் பார்த்த துள்ளி வேறு கை கீறினது. நல்லாகத்தான் கீறினார்கள். வால் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். அக்கா பிறகு கணக்காளராகித் தெற்கு லண்டனில் சட்டனுக்குப் போய்விட்டாள். இன்றுவரை என்னுடைய பிள்ளைகளுக்குக்கூட ஒரு படம் கீறிக் கொடுத்ததில்லை.

இவ்வளவோடு முடித்தால் குழுவில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிடும். ஆனால் முடியவில்லை.

தங்கச்சி வந்து இரண்டு வருடமளவில், ஆமி முன்னேற, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரேயடியாக இடம்பெயர்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழைக்குள் சனம் பாலத்தால் நடந்தது. எல்லார் வீட்டிலும் ரெலிபோனைச் சுற்றியே இருந்தார்கள். சின்னம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாஸ்ரர் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, தலையில் மூட்டையோடு துள்ளியை ஒருமுறை கீறித் தா பிள்ளை, நிதி சேர்க்க நல்லாயிருக்கும் என்று கேட்டார். அக்கா மாட்டேன் என்றாள். வேறு ஒருவர் கீறினார்.

தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நடையில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்துவிடுவாள். யூனிபோமோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு. அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பார், ஆறியதை எடுத்துக்கொண்டு வருவார். ஒருநாள் அம்மாவும் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அப்போதுதான் தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"நானும் அவவை விட்டிட்டு வந்திட்டன் என்ன?"

அம்மா அவளுடைய பின்னலைத் தொடக் கையை நீட்டினார், தொடவில்லை. ஆனால் இரண்டு பேரும் எழும்பவும் இல்லை, வெகுநேரம். இனிச் சரிவரும் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அடுத்த நாட்களில் தேத்தண்ணி ஆறவில்லை, குடித்த கோப்பை வந்தது.

அந்தக் கோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. அம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார், நான் படியில் இருந்தேன். தங்கச்சி முதல் மணிக்கே எடுத்தாள். எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு அந்த வீட்டில் நாங்கள் அவள் வாயால் ஒருநாளும் கேட்டிராத சொல் வந்தது.

"அம்மா."

குசினியில் தண்ணீர் நின்றது.

"என்ன பிள்ளை, இந்தா வாறன்," என்று அம்மா ஓடி வந்தார். ஈரக் கை, செதிலோடு. அம்மாவின் முகம் அப்படி விரிந்து நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

தங்கச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். "சாப்பிட்டனீங்களோ அம்மா, கால் நோகுதோ அம்மா, எங்கயம்மா நிக்கிறீங்கள்?" வவுனியா என்று மறுபக்கத்தில் சின்னம்மாவின் குரல் மெல்லியதாகக் கேட்டது.

அம்மா நடையின் நடுவில் நின்றார். ஈரக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பிறகு ஒரு கதிரையை எடுத்து, சத்தம் வராமல் தங்கச்சிக்குப் பின்னால் வைத்துவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.